கொத்மலையின் வேட்பாளரும் தோட்டத்து வாக்கும்

இலங்கையில் ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சி உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் வழக்கம் இல்லை. அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாக நடக்கும் உட்கட்சித் தேர்தலைப் போன்ற ஓர் ஏற்பாட்டை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் செய்யவில்லை. 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டமும் செய்யவில்லை. செயற்குழு கூடும், தலைவரின் பெயர் முன்மொழியப்படும், எல்லோரும் கை தட்டுவார்கள். சகாக்களின் இரகசிய வாக்கெடுப்பில் மோதி வென்று, அந்த வெற்றியின் பலத்தில் ஒருவர் ஜனாதிபதி வேட்பாளரான நிகழ்வு 1994இல் நடந்தது. வென்றவர் காமினி திசாநாயக்க. கொத்மலையில் 1942 மார்ச் 20ஆம் திகதி பிறந்தவர்.

கொத்மலை நுவரெலியா மாவட்டத்தின் நான்கு தேர்தல் தொகுதிகளில் ஒன்று. நுவரெலியா–மஸ்கெலியா, ஹங்குராங்கெத்த, வலப்பனை என்பன மற்றவை. கொத்மலை ஓயாவின் பள்ளத்தாக்கில் வயலும் விகாரையுமாகப் பழைய சிங்களக் கிராமங்கள்; மேலே பூண்டுலோயா, றம்பொடை பக்கம் டன்சினன், மடகொம்பரை போன்ற தேயிலைத் தோட்டங்களும் லயங்களும். பள்ளத்தாக்கின் வாக்கும் மலையின் வாக்கும் ஒரே தொகுதியில் எண்ணப்பட்டாலும் நெடுங்காலம் ஒரே வழியில் போனதில்லை. காரணம் எளிது: மலையில் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு வாக்கே இருக்கவில்லை.

அதற்கு முந்திய கதை சுருக்கமானது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மடகொம்பரையில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும், சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலும் தெரிவானார்கள். தோட்டத் தொழிலாளர் செறிந்த வேறு பல தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கைகொடுத்தது. ஆட்சியமைத்த ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) இதை மறக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் என்று மூன்றும் அடுத்தடுத்து வந்தன. 1952 தேர்தலில் தோட்டங்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து ஏறக்குறைய மறைந்திருந்தன. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கீடு காகிதத்தில் முடிந்ததே தவிர, குடியுரிமைப் பத்திரம் கைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

இந்த இடைவெளியை நிரப்பியது தொழிற்சங்கம். வாக்கில்லாதவருக்கும் சங்கம் இருந்தது; சம்பளத்திலிருந்து சந்தா மாதாமாதம் கழிக்கப்பட்டது. தோட்டத் துரையிடம் முறையிட, பொலிஸில் பேச, லயத்தில் ஓர் அறை கேட்க, நிறுத்தப்பட்ட வேலையைத் திரும்பப் பெற, எல்லாவற்றுக்கும் தோட்டத் தலைவர் வழியாகச் சங்கக் காரியாலயத்துக்குப் போவதே வழி. வாக்குரிமை மெல்ல மெல்லத் திரும்பியபோது வாக்கும் அதே வழியில் போகத் தொடங்கியது. எந்தச் சின்னத்துக்குப் போடுவது என்பது கொழும்பிலோ கொட்டகலையிலோ தீர்மானமாகும். மாவட்டத் தலைவர்களும் தோட்டத் தலைவர்களும் அதைக் கீழே கொண்டுவருவார்கள். இதை வெறும் அடிமைத்தனம் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் வெல்லும் பக்கத்தில் நிற்கும் தலைவரிடமிருந்துதான் கூரைத்தகடும் குடிநீர்க் குழாயும் வரும் என்பதை அனுபவத்தில் கண்ட மக்களுக்கு அது கணக்காகவே பட்டது. தோற்கப்போகிற வேட்பாளரை ஆதரிப்பது அந்தக் கணக்கில் வீண்செலவு. செலவு வாக்குச்சீட்டோடு முடிவதும் இல்லை. நாளை தகராறு வந்தால் தனக்காகப் பேச ஆள் இருக்குமா என்ற கேள்வியும் அதில் சேரும்.

காமினி திசாநாயக்கவின் அரசியலை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 1970இல் சிறிமாவோவின் கூட்டணி நாடெங்கும் வென்றபோது, ஐ.தே.க. சார்பில் நுவரெலியாவில் தெரிவானவர் அவர். தேர்தல் மனுவால் ஆசனத்தை இழந்து, 1972 இடைத்தேர்தலில் மீண்டும் பெற்றார். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியானது. காமினி முதலாமவராகவும், அநுர பண்டாரநாயக்க இரண்டாமவராகவும், தொண்டமான் மூன்றாமவராகவும் வந்தனர். 1947க்குப் பின் முப்பது ஆண்டுகள் கழித்து மலையகத் தமிழர் ஒருவர் வாக்கால் பாராளுமன்றம் போன தேர்தல் அது. இடையில் தொண்டமான் அங்கு இருந்ததெல்லாம் நியமன உறுப்பினராக.

ஒரே தொகுதியின் இந்த இருவரும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தார்கள். 1978இல் தொண்டமான் ஐ.தே.க. ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் அமைச்சரானார். தோட்டங்களிலோ இருவரும் போட்டியாளர்கள். ஐ.தே.க.வின் தொழிற்சங்கமான இலங்கை தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குக் காமினி தலைவர்; இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) தொண்டமானுடையது. ஒரே லயத்தில் ஒரு வீடு ‘காங்கிரஸ்’, அடுத்த வீடு ‘தேசிய சங்கம்’ என்று பிரிந்து கிடந்தது. தேசிய சங்கத்தில் தமிழ்த் தொழிலாளரும் பெருந்தொகையாக இருந்தார்கள். சிங்களத் தலைவர் ஒருவரின் சங்கத்தில் அவர்கள் சேர்ந்ததற்குப் பெரிய கொள்கை விளக்கம் தேவையில்லை. ஆளுங்கட்சி அமைச்சரின் சங்கம் என்றால் தோட்ட நிர்வாகம் காது கொடுக்கும்.

மகாவலி அபிவிருத்தி அமைச்சராகக் காமினி செய்த பெரிய வேலை அவருடைய சொந்த ஊரையே மாற்றியது. சுவீடனின் உதவியோடு 1979இல் தொடங்கிய கொத்மலை அணைக்கட்டு 1985இல் திறக்கப்பட்டது. 87 மீற்றர் உயரம்; மின் நிலையத்தின் கொள்ளளவு 201 மெகாவாற்று. பள்ளத்தாக்கின் பழைய கிராமங்களும் விகாரைகளும் வயல்களும் நீருக்கடியில் போயின. வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதியினர் வறண்ட வலயத்தின் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். மற்றவர்களுக்குச் சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து காணி பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒரே திட்டத்தைக் கிராமமும் தோட்டமும் வெவ்வேறாகக் கண்டன. நாலைந்து தலைமுறையாக அந்தத் தேயிலையை வளர்த்தவருக்குக் காணி இல்லை, அதே மண் மற்றவருக்குப் பங்காகிறது என்ற பார்வை தோட்டத்தில் பிறந்தது. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது காமினியும் சக அமைச்சர் சிறில் மத்தியூவும் அந்நகரில் இருந்ததும் தமிழர் நினைவில் அழியாமல் நின்றது. அவரை ஆதரித்த தமிழ்த் தொழிலாளியும் இதைத் தெரிந்துகொண்டே ஆதரித்தார்.

இதற்கிடையில் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20ஆம் திகதி நடந்தது. ஜயவர்தன 52.91 வீத வாக்குகளுடன் வென்றார், இ.தொ.கா. அவர் பக்கம் நின்றது. அந்தப் போட்டியில் வெல்ல வாய்ப்பே இல்லாமல் உரத்துப் பேசிய தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலம். தமிழர் விடுதலைக் கூட்டணி தேர்தலைப் புறக்கணிக்க, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் சார்பில் தனியே நின்று 173,934 வாக்குகள் பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடமும் அவருக்கே. மலையகத் தோட்டங்களில் அவருடைய குரல் எடுபடவில்லை. குடியுரிமைப் பத்திரத்துக்காகக் காத்திருந்த சமூகத்துக்கு, அதைத் தரக்கூடிய அரசாங்கத்தை எதிர்ப்பது கட்டுப்படியாகாத காரியம். இ.தொ.கா.வின் அந்தப் பேரம் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் அந்த ஆட்சியில்தான் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ஐ.தே.க. வேட்பாளர் ரணசிங்க பிரேமதாசவுக்குத் தோட்டத்து வாக்கு பெரும் பலமாக இருந்தது.

காமினியின் வீழ்ச்சி அதற்குப் பின்தான். பிரேமதாசவின் ஆட்சியில் ஓரங்கட்டப்பட்ட அவரும் மற்றொரு ஐ.தே.க. தலைவரான லலித் அத்துலத்முதலியும் 1991 ஓகஸ்டில் ஜனாதிபதிக்கு எதிரான குற்றப் பிரேரணையை முன்னின்று கொண்டுவந்தனர். பிரேரணை தோற்றது. இருவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு ஆசனமும் இழந்தார்கள். கழுகுச் சின்னத்தோடு ஐக்கிய தேசிய ஜனநாயக முன்னணியைத் தொடங்கிக் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். தொண்டமான் பிரேமதாசவின் அமைச்சரவையிலேயே இருந்தார். பதவி போன தலைவரின் சங்கத்தில் தொடர்ந்து இருப்பவர் எதை நம்பி இருக்கிறார் என்ற கேள்வி தோட்டங்களில் அந்த ஆண்டுகளில் நேரடியாகவே எழுந்திருக்கும்.

1993 ஏப்ரல் 23ஆம் திகதி லலித்தும், மே 1ஆம் திகதி பிரேமதாசவும் கொல்லப்பட்டனர். டி. பி. விஜேதுங்க ஜனாதிபதியானார், ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார், காமினி கட்சிக்குத் திரும்பினார். 1994 ஓகஸ்ட் 16ஆம் திகதிப் பொதுத்தேர்தலில் 17 ஆண்டு ஐ.தே.க. ஆட்சி முடிந்தது. எதிர்க்கட்சித் தலைவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது பதவி விலகும் பிரதமர் ரணில்தான் இயல்பான தெரிவு என்று கருதப்பட்டது. கட்சியைப் பிளந்து வெளியேறி, அதே கட்சியின் ஜனாதிபதியைப் பதவி நீக்க முயன்று, திரும்பி வந்து சில காலமே ஆன ஒருவர் அவரை எதிர்த்து நின்றார். பாராளுமன்றக் குழுவின் இரகசிய வாக்கெடுப்பில் காமினி மூன்று வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஜனாதிபதி வேட்புமனுவும் அந்த வெற்றியோடு அவருக்கே வந்தது. வாக்களித்தவர்கள் நூறு பேர்கூட இல்லை; கொத்மலைக் கிராமத்துக் கட்சிக் கிளைக்கோ, தேசிய சங்கத்துக்குச் சந்தா கட்டிய கொழுந்தெடுப்பவருக்கோ அதில் பங்கில்லை. அமெரிக்க முறையோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாடு முக்கியமானது. அங்கே பின்தங்கிய வேட்பாளரைச் சாதாரண ஆதரவாளர் தன் ஊர் வாக்குச்சாவடியில் தூக்கிவிட முடியும். இங்கே அதே வேலையைப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஓர் அறைக்குள் முடித்துவிட்டார்கள்.

தோட்டங்களின் கணக்கும் அந்த மாதங்களில் மாறியது. ஓகஸ்டில் ஐ.தே.க.வின் யானைச் சின்னத்தில் தெரிவான இ.தொ.கா. உறுப்பினர்களோடு தொண்டமான் பொதுசன முன்னணியின் தலைவி சந்திரிகா குமாரதுங்கவின் பக்கம் போனார். மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன் நுவரெலியா மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவாக நின்று வென்றிருந்தார். பொதுசன முன்னணிக்கு 105 ஆசனங்கள், அதோடு சேர்ந்த முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. பெரும்பான்மைக்கான 113ஆவது ஆளாக அவர் அமைந்தார். சிறையிலிருந்து வந்த, பெரிய சங்கங்களைக் கூசாமல் விமர்சித்த இந்தத் தலைவர் மலையகத்தின் உண்மையான பின்தங்கிய வேட்பாளர். காமினியோ அதிகாரத்தின் உள்வட்டத்திலிருந்து விழுந்து எழுந்தவர்.

1994 ஒக்டோபர் 24ஆம் திகதி கொழும்பு தொட்டலங்கவில் பிரசாரக் கூட்டத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் காமினி கொல்லப்பட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அவருடன் மாண்டனர். தாக்குதலுக்கு விடுதலைப் புலிகளே காரணம் என்று கருதப்படுகிறது. தேர்தலுக்கு இரண்டு வாரமே இருந்தது. ஐ.தே.க. அவருடைய மனைவி சிறிமா திசாநாயக்கவை வேட்பாளராக்கியது. நவம்பர் 9ஆம் திகதி சந்திரிகா 62.28 வீத வாக்குகள் பெற்றார், சிறிமாவுக்கு 35.91 வீதம். நாட்டின் 160 தேர்தல் தொகுதிகளில் ஐ.தே.க.வுக்குக் கிடைத்தது மகியங்கனை ஒன்றுதான். கொத்மலையும் சந்திரிகாவின் கதிரைச் சின்னத்துக்கே போனது. பிறந்த ஊரின் அனுதாபம், அணைக்கட்டின் நினைவு, தேசிய சங்கத்தின் பலம் எல்லாம் சேர்ந்தும் அந்த அலையைத் தடுக்கவில்லை. கட்சித் தலைமை மீண்டும் ரணிலிடம் போனது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவரிடமே இருந்தது. அப்படியொரு இரகசிய வாக்கெடுப்பின் முடிவு வேட்பாளரைத் தீர்மானிக்க ஐ.தே.க.வில் மறுபடி இடம் கிடைக்கவில்லை.

தலைவர் சொல்லும் சின்னத்துக்குத் தோட்டம் வாக்களிக்கும் பழக்கம் 2005இலும் தெரிந்தது. அந்த ஆண்டு இ.தொ.கா.வும் மலையக மக்கள் முன்னணியும் ரணிலை ஆதரித்தன. நுவரெலியா மாவட்டத்தில் அவர் எழுபது வீதத்தைத் தொட்டார். 2010இல் இ.தொ.கா.வின் ஆறுமுகன் தொண்டமான் மஹிந்த ராஜபக்ஷவோடு நின்றார். மாவட்டமோ சரத் பொன்சேகாவுக்குப் போனது, அதுவும் நுவரெலியா–மஸ்கெலியாத் தோட்டங்களின் வாக்கால். போரை நடத்திய இராணுவத் தளபதிக்குத் தமிழ்த் தொழிலாளர் வாக்களித்ததை அவர் மீதான அன்பு என்று படிக்க முடியாது. சங்கத் தலைமைக்குச் சொல்லப்பட்ட பதில் என்றே அதைக் கொள்ளலாம். 2015இல் இ.தொ.கா. மீண்டும் மஹிந்தவுடன், அன்னச் சின்னத்தில் நின்ற மைத்திரிபால சிறிசேனவுக்கு மாவட்டத்தில் 63.88 வீதம். 2019இல் இ.தொ.கா. கோட்டாபய ராஜபக்ஷவின் மொட்டுச் சின்னத்தோடு; முதலிடம் சஜித் பிரேமதாசவுக்கு. மூன்று ஜனாதிபதித் தேர்தல்களில் மிகப் பெரிய சங்கத்தின் சொல்லை மாவட்டம் மறுத்தது. பொதுத்தேர்தலில் அதே சங்கத்தின் வேட்பாளர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தது. கூரைத்தகட்டுக்கு ஒரு வாக்கு, மனதுக்கு ஒரு வாக்கு என்று தோட்டம் பிரித்து வைத்துக்கொண்டதுபோல் தெரிகிறது.

பின்தங்கிய வேட்பாளரை ஆதரிக்கச் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. அதை நெடுங்காலம் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று மூவருக்கு விருப்பு வாக்கு இடலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதலிருவர் தவிர மற்றவர்கள் நீக்கப்படுவார்கள். அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பங்கள் எண்ணப்படும். தோற்பவருக்கு 1 போட்டு, வெல்லக்கூடியவருக்கு 2 போட்டால் வாக்கு வீணாகாது. உட்கட்சித் தேர்தல் இல்லாத நாட்டில் அதன் வேலையில் ஒரு பகுதியை இந்த இரண்டாம் விருப்பம் செய்ய முடியும். 1982 முதல் 2019 வரை ஒவ்வொரு முறையும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டியதால் அது சட்டப் புத்தகத்திலேயே கிடந்தது.

வேட்புமனுவின் வாசலும் குறுகியது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் 50,000 ரூபாய் கட்டுப்பணம் செலுத்தினால் போதும். கட்சியில்லாமல் நிற்பவர் 75,000 ரூபாய் செலுத்த வேண்டும்; அதோடு அவர் ஏதாவது ஒரு காலத்தில் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவராகவும் இருக்க வேண்டும். மலையகத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? 2024இல் அந்த வாசல் வழியாக உள்ளே போனவர் மயில்வாகனம் திலகராஜா. மல்லியப்புசந்தி திலகர் என்ற பெயரில் எழுதும் கவிஞர். 2015இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றவர். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவு 2023இல் தலைமன்னார் முதல் மாத்தளை வரையான நடைபயணத்தால் நினைவுகூரப்பட்டிருந்தது. காணி, முகவரி, சமமான குடியுரிமை என்ற அந்தக் கேள்விகள் ஜனாதிபதித் தேர்தல் மேடைக்கு வர மலையகத்தவர் ஒருவரே நிற்க வேண்டும் என்பது அவர் வேட்பின் பொருள். வடக்கு கிழக்கில் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொதுவேட்பாளராக நின்றார்.

அந்தத் தேர்தலிலும் பெரிய அணிகள் பழைய பாதையில்தான் போயின. இ.தொ.கா. ரணிலையும் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தையும் ஆதரித்தன. நாட்சம்பளத்தை 1,700 ரூபாயாக்கும் அறிவிப்பு மே தினத்தையொட்டி வந்திருந்தது. தோட்டக் கம்பனிகள் அதை எதிர்த்தன. வாக்களிப்புக்குச் சில நாட்கள் முன்பு 1,350 ரூபாய் என்ற வர்த்தமானி வெளியானது. 39 பெயர்களுடன் இரண்டடிக்கு மேல் நீண்ட வாக்குச்சீட்டு செப்டெம்பர் 21ஆம் திகதி மக்கள் கைக்கு வந்தது. அரியநேத்திரன் 226,343 வாக்குகள் பெற்றார். திலகராஜாவுக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டிய வாக்குகள். நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலாமவர், ரணில் இரண்டாமவர்.

முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 42.31 வீதம். பாதியை எவரும் தொடாததால் இரண்டாம் விருப்பு வாக்குகள் வரலாற்றில் முதன்முறையாக எண்ணப்பட்டன. முடிவில் 5,740,179 வாக்குகளுடன் அவர் வென்றார். 2019இல் வெறும் மூன்று வீதம் பெற்றவர் அவர். மலையகத்தில் அவருடைய கட்சியின் பழைய கணக்கு இன்னும் சிக்கலானது. மக்கள் விடுதலை முன்னணியின் ஆரம்பகால ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதத்தைப் பற்றியது. தோட்டத் தொழிலாளரை அதன் கருவியாகக் காட்டியது. அந்தக் கட்சியே 2023 ஒக்டோபரில் தேசிய மக்கள் சக்தியின் பெயரில் ஹட்டன் பிரகடனம் வெளியிட்டு, மலையகத் தமிழரின் உரிமைகளைத் தன் வேலைத்திட்டமாக அறிவித்தது. ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டம் அதற்கு மூன்றாம் இடமே கொடுத்தது. எட்டு வாரத்துக்குள், நவம்பர் 14ஆம் திகதிப் பொதுத்தேர்தலில், மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போயின. சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்திக்கு இரண்டு. யானைச் சின்னத்தில் நின்ற இ.தொ.கா.வின் ஜீவன் தொண்டமானுக்கு ஒன்று.